சீரியல் பொத்தானை அழுத்தினால் கேட் தெரிகிறது

செந்தமிழ்செல்வனை முதன்முதலாகப் பார்த்தது சிதம்பரம் பேருந்து நிலையத்தில், கடலூர் வண்டியின் பின்படிக்கட்டில். மடக்கு ஏணி ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு கண்டக்டரிடம் வழக்காடிக்கொண்டிருந்தார்.

“ஏணிக்கு லக்கேஜ் போடணும்.”

“மடக்கிட்டா அது ஏணி இல்லீங்க, ரெண்டு கம்பி. மடியில வெச்சிக்கிறேன்.”

“இன்னா வேலைக்குப் போற?”

“டிவி மாத்துற வேலை.”

“டிவி மாத்தவா? பெட்டியக் காணோம்?”

“பெட்டிய மாத்த இல்லீங்க. பெட்டிக்குள்ள சேனல் பாக்குறது, கேமரா பாக்குறது, பாட்டு கேக்குறதுன்னு மாத்தணும்ல, அதத் தானா மாத்த வெக்கிற வேலை.”

“அதுக்குத்தான் ரிமோட்டு இருக்கே! அத அமுத்துறதுக்கு ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு ஏணி!”

வண்டியே சிரித்தது. செல்வனும் சிரித்தார். கோபித்துக்கொள்ளாமல், ஏணியின் ஒரு முனையைத் தன் மடியிலும் மறுமுனையைப் பக்கத்து இருக்கைக்காரர் மடியிலுமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புதுச்சத்திரம் தாண்டி ஆலப்பாக்கம் வருவதற்குள் அந்தப் பக்கத்து மடிக்குப் பாதித் தொழில் புரிந்துவிட்டது. மீதிக் கதை பிற்பாடு செல்வன் வீட்டில் டீ குடித்துக்கொண்டே கேட்டது. அவர் சொல்லச் சொல்ல, அவர் மனைவி இளமதி நடுநடுவே திருத்தியது.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கம், வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் ஊர். அப்பா தங்கராசு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிறவர். அம்மா ரத்தினம்மாள் நடவுக்கும் களைக்கும் போகிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் கால் செல்வனுடையது. கட்டணச் சலுகைக்காக ‘முதல் பட்டதாரி’ சான்று வாங்கத் தாலுகா ஆபீசில் நின்றபோது, “உங்க குடும்பத்துல வேற யாருமே டிகிரி படிக்கலன்னு நிச்சயமாத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார்கள். தங்கராசு கொஞ்சமும் யோசிக்கவில்லை. “எங்க வம்சத்துலயே கெடையாதுங்க. சந்தேகமா இருந்தா சுடுகாடு வரைக்கும் போயி விசாரிச்சிக்குங்க” என்றாராம். பி.இ. எலக்ட்ரிகல் முடித்த வருஷம் ரேஷன் கார்டைத் தவிர வீட்டில் எழுத இடமிருந்த எல்லாவற்றிலும் தங்கராசு அந்த இரண்டு எழுத்தை எழுதி வைத்தார். நெல் மூட்டையில்கூட.

படித்த கையோடு சிங்கப்பூர். அங்கே அடுக்குமாடி வீடுகளில் விளக்கு, திரைச்சீலை, ஏசி, டிவி எல்லாவற்றையும் ஒரு பலகைக்குள் அடக்கிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. நல்ல கம்பெனி, நல்ல பேர். மகள் கயல் பிறந்தபோதும் அவர் அங்கேதான் இருந்தார். விடுமுறைக்கு வந்து வாசலில் நின்றவரைப் பிள்ளை ஏற இறங்கப் பார்த்தது. “அப்பா எங்கடி?” என்று இளமதி கேட்டாள். கயல் வந்தவரைக் காட்டவில்லை; மேசைமேல் கிடந்த போனைக் காட்டியது.

அதற்குமேல் செல்வனுக்கு விமானம் ஏற மனம் வரவில்லை. சிதம்பரம் கனகசபை நகரில் வாடகைக்கு வீடு பிடித்தார். சிங்கப்பூர் மேலாளர் நல்ல மனிதர். கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு வா, உன் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். அந்தக் கொஞ்ச நாளுக்குள் இங்கே வேலை பிடிபட வேண்டும். பிடிபடாவிட்டால் மறுபடியும் போன் அப்பாதான்.

அப்போதுதான் கடலூர் மஞ்சக்குப்பத்து வக்கீல் ஞானசேகரன் வந்து சேர்ந்தார். கோண்டூர்ப் பக்கம் மைத்துனரோடு சேர்ந்து ஒரு தெரு நீளத்துக்கு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தவர். செல்வன் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கோர்ட்டில் எதிர்த்தரப்பைக் கேட்பது மாதிரி.

“மொதல்ல என் வூட்டுல செஞ்சி காட்டு தம்பி. எம் பொண்டாட்டி நல்லாருக்குன்னு சொன்னா அத்தன வூடும் உனக்குத்தான். அவ சொல்லலன்னா சுப்ரீம் கோர்ட்டே சொன்னாலும் செல்லாது.”

அவர் மனைவி புஷ்பவள்ளி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “வெள்ளிக்கிழமை மட்டும் வேலன்னு வராதப்பா. அன்னிக்கி வூட்டுல ஆணி அடிக்கிறது, தொளை போடுறதெல்லாம் ஆவாது. மத்த நாளு எப்ப வேணா வா.”

செல்வனுக்கும் அது தோதாக இருந்தது. வாரக் கடைசியில் சிதம்பரத்தில் ஒரு இன்வெர்ட்டர் கடையில் வேலை. செவ்வாய், புதன் கடலூருக்கு வருவார்.

டிவிக்குப் பக்கத்தில் நான்கு பொத்தான் வைத்த சின்னப் பலகை. மேலே தமிழிலேயே எழுதினார்: சீரியல், செய்தி, கேமரா, பாட்டு. சீரியல் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். டிவி விழிக்கும், செட்டாப் பெட்டி விழிக்கும், டிவி செட்டாப் பெட்டிப் பக்கம் திரும்பும், சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும். கேமரா பொத்தானை அழுத்தினால் அதே டிவி வாசல் கேட்டைக் காட்டும். இப்படி ஒரு பொத்தானுக்குள் பல கட்டளைகளைக் கோர்த்து வைப்பதைத் தொழிலில் மேக்ரோ என்பார்கள். பொத்தான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, கூரை மூலையில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவு வட்டப் பெட்டி, ரிமோட்டைப் போலவே கண்ணுக்குத் தெரியாத ஒளியில் டிவிக்குச் சேதி சொல்லும்.

முதல் சில நாள் ஒரு குறையும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பவள்ளி போன் செய்தார்.

“தம்பி, சீரியல் பொத்தான அமுத்துனா எங்க வூட்டு கேட்டு தெரியிதுப்பா.”

“கேமரா பொத்தான அமுத்திருப்பீங்கம்மா.”

“எனக்குத் தமிழு படிக்கத் தெரியாதுன்னு சொல்றியா? சீரியல்தான் அமுத்துனேன். கேட்டு நிக்கிது, நாயி படுத்திருக்கு. அர மணி நேரமா அதே சீனு. கத நவுரவே மாட்டேங்குது.”

செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தார். அழுத்தினார். அழகாக சீரியல் வந்தது. அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினார். வந்தது. புஷ்பவள்ளி அழுத்தினாலும் வந்தது.

செல்வன் யோசித்தார். வக்கீல் பகலில் கேட்டைப் பார்ப்பவர். டிவி கடைசியாக நின்ற இடம் கேமரா. சாயங்காலம் சீரியல் பொத்தானை அழுத்தும்போது டிவி விழிக்கிறது, ஆனால் ‘செட்டாப் பெட்டிக்குத் திரும்பு’ என்ற கட்டளை மட்டும் அதன் காதில் விழவில்லை. அதனால் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஏன் விழவில்லை? தூங்கி எழுந்தவனிடம் உடனே கணக்குக் கேட்டால் திருதிருவென்று விழிக்க மாட்டானா, அது மாதிரி இருக்கலாம். டிவி எழுந்து சோம்பல் முறிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுத்து, கட்டளைகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினார்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போன். மறுபடி கேட், மறுபடி நாய்.

இந்த முறை அந்தக் கட்டளையை இரண்டு தரம் சொல்லும்படி மாற்றினார். ஏணி போட்டு ஏறிக் கூரைப் பெட்டியின் முகத்தை மெத்தென்ற துணியால் துடைத்தார். டிவிக்கு எதிரே நின்று கையிலிருந்த ரிமோட்டால் அழுத்திப் பார்த்தார். எல்லாம் சரி. அவர் சிதம்பரம் போய்ச் சேர்ந்து வாரக் கடைசி வந்ததும் எல்லாம் தப்பு.

“நீ வந்தா ஒழுங்கா நடக்குது, நீ போனா கெட்டுப் போவுது” என்றார் வக்கீல். “கூண்டுல ஏறுன சாட்சி மாரி.”

வாரக் கடைசியில் டிவி ஜாஸ்தி ஓடுகிறது, சூடேறுகிறது, அதனால்தான் என்று ஒரு கணக்குப் போட்டார் செல்வன். டிவிக்குப் பின்னால் காற்றுப் போக வழி செய்து, அலமாரியின் முதுகுப் பலகையைக்கூட அறுத்துக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமையும் நாய் படுத்திருந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை இரண்டு சேதி ஒன்றாக வந்தன. சிங்கப்பூர் மேலாளரிடமிருந்து ஒன்று: திங்கட்கிழமைக்குள் முடிவு சொல், அதற்குமேல் இடத்தைப் பிடித்து வைக்க முடியாது. வக்கீலிடமிருந்து ஒன்று: “தம்பி, உன் மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா பாண்டிச்சேரியிலருந்து ஒரு பார்ட்டி கோண்டூரு வேலைக்கிக் கேட்டுக்கினே இருக்காங்க. நாளைக்கி வரச் சொல்லிட்டேன்.”

செல்வன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். இளமதி கயலுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அத்தை மகள், சின்ன வயதிலிருந்தே அவர் முகத்தைப் படித்துப் பழகியவள்.

“இன்னா மாமா, ஏரி ஒடஞ்ச மாரி ஒக்காந்துருக்க?”

சொன்னார்.

“சரி, இன்னிக்கே கெளம்பு. போயிப் பாரு.”

“இன்னிக்கி வெள்ளிக்கிழம. அந்தம்மா வுடாது.”

“வேலக்காரனாத்தான போவக்கூடாது? விருந்தாளியா போவலாம்ல?”

செல்வன் நிமிர்ந்து பார்த்தார்.

“நானும் வரேன். புள்ளையத் தூக்கிக்கிறேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா பூவும் பழமுமா ஒரு பொம்பள வாசப்படி ஏறுனா, எந்த வூட்டுல வேணான்னுவாங்க? ஆனா ஒண்ணு. ஏணிய எடுத்தன்னா நான் வரமாட்டேன்.”

ஏணி இல்லாமல், ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லாமல், மல்லிகைப் பூவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் சாயங்காலம் கடலூர் வண்டி ஏறினார்கள். வெறுங்கையோடு வேலைக்குப் போவது செல்வனுக்குச் சட்டை போடாமல் போவது போலிருந்தது.

விளக்கேற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இளமதி சொன்னது போலவே நடந்தது. புஷ்பவள்ளிக்கு வாயெல்லாம் பல். “வாம்மா, வா. மகாலட்சுமி மாரி வந்துருக்க. ஏன் தம்பி, இத்தினி நாளா பொண்டாட்டிய ஏன் கண்ணுல காட்டல?” வக்கீல்தான் கொஞ்சம் நெளிந்தார். நாளைக்குப் பாண்டிச்சேரிக்காரனை வரச் சொல்லியிருக்கிறோமே என்று டிவியைப் பார்ப்பதும் செல்வனைப் பார்ப்பதுமாக இருந்தார்.

காபி குடித்துக்கொண்டே செல்வன் மெதுவாகக் கேட்டார். “வேலைக்கி வரலம்மா. சும்மா ஒரு தடவ அமுத்திப் பாக்கலாமா?”

புஷ்பவள்ளியே அழுத்தினார். டிவி விழித்தது, திரும்பியது, சேனல் வந்தது. எங்கோ ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள்.

“பாத்தியா? நீ வந்துட்ட, அது ஒழுங்கா நிக்கிது” என்றார் வக்கீல். போய்க் கேமரா பொத்தானை அழுத்தி, கேட்டை ஒருமுறை பார்த்து, டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். செல்வன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். இன்றைக்கும் எதுவும் தெரியாமலே திரும்பப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

புஷ்பவள்ளி சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமச் சிமிழோடும் பூஜை அறையிலிருந்து வந்தார். இளமதிக்கு முதலில் வைத்தார், பூவைக் கொடுத்தார். கயலின் நெற்றியிலும் ஒரு தீற்று. பிறகு அவருடைய வெள்ளிக்கிழமைச் சுற்று. நிலைப்படிக்கு, பீரோவுக்கு, தையல் மிஷினுக்கு, ஃப்ரிட்ஜுக்கு. குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் கனமாக அப்பி, அதன்மேல் குங்குமம். கடைசியாக டிவிக்குமுன் குனிந்து, அடிச்சட்டத்தின் நட்டநடுவில் ஒன்று. போன வாரத்துப் பொட்டு உதிர்ந்து லேசாகத் தடம் தெரிந்த அதே இடத்தில்.

கையைத் துடைத்துக்கொண்டு, “சீரியலு ஆரம்பிச்சிருக்கும்” என்று பொத்தானை அழுத்தினார்.

டிவி விழித்தது. கேட் தெரிந்தது. நாய் படுத்திருந்தது.

“பாரு! பாரு! நான் பொய்யா சொன்னேன்?” என்றார் புஷ்பவள்ளி.

செல்வன் கேட்டைப் பார்க்கவில்லை. சந்தனப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முறை அழுத்தியதற்கும் இரண்டாம் முறை அழுத்தியதற்கும் நடுவில் இந்தக் கூடத்தில் மாறியது அது ஒன்றுதான். டிவியின் அடிச்சட்டத்து நடுவில்தான் அதன் கண் இருக்கிறது. ரிமோட் ஒளியை வாங்கும் கண். கூரை மூலையிலிருந்து வரும் சேதி அந்தச் சந்தனத்தைத் தாண்டிப் பாதியும் குறையுமாகப் போய்ச் சேருகிறது; ‘விழி’ என்பது எப்படியோ கேட்டுவிடுகிறது, ‘திரும்பு’ என்பது கேட்காமல் போகிறது. கிட்டே நின்று ரிமோட்டால் அழுத்தினால் ஒளி பலமாக இருப்பதால் உள்ளே போய்விடும். வெள்ளிக்கிழமை அப்பிய சந்தனம் காய்ந்து உதிர்ந்து செவ்வாய்க்குள் மெலிந்துவிடும். அவரோ செவ்வாய்தோறும் வந்து சேதி சொல்லும் பெட்டியின் முகத்தைத்தான் துடைத்திருக்கிறார். அதைக் கேட்டுக்கொள்ளும் டிவியின் கண்ணைப் பார்க்கவே இல்லை.

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில், இப்போதுதான் வைத்த குங்குமத்தைத் துடையுங்கள் என்று, எவர் வாயால் ‘நல்லாருக்கு’ வர வேண்டுமோ அவரிடமே சொல்வதா? உங்கள் பொட்டால்தான் கெட்டது என்றால் கோண்டூர் என்ன, மஞ்சக்குப்பத்துப் பக்கமே தலைவைக்க முடியாது.

இளமதியின் காதோரம் குனிந்து இரண்டே வார்த்தை சொன்னார். அவள் டிவியை ஒருமுறை பார்த்தாள். பிறகு பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு புஷ்பவள்ளி பக்கத்தில் போய் நின்றாள்.

“யம்மா, ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க எல்லாருக்கும் நெத்தியிலதான வெச்சீங்க?”

“ஆமா. வேற எங்க வெப்பாங்க?”

“டிவிக்கு மட்டும் ஏன் மோவாயில வெச்சிருக்கீங்க?”

புஷ்பவள்ளி திரும்பி டிவியைப் பார்த்தார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். அடிச்சட்டத்தில் சிவப்பாக மின்னிய பொட்டைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“ஏண்டியம்மா, நானா வெச்சேன்? உன் வூட்டுக்காரருதான்! வேலைய முடிச்ச அன்னிக்கி, அம்மா கொஞ்சம் சந்தனம் குடுங்கன்னு வாங்கி, அவரு கையாலதான் அங்க லேசா ஒரு புள்ளி வெச்சாரு. இஞ்சினியரு, வெக்கிற எடம் தெரிஞ்சிதான் வெப்பாருன்னு நானும் வாராவாரம் அதே எடத்துல நல்லா கனமா வெச்சிக்கினு வரேன்!”

செல்வனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சிங்கப்பூரில் வேலை முடிந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். நம் ஊரில் முதல் வேலையாயிற்றே என்று ஆசை ஆசையாக அன்றைக்குச் சந்தனம் வைத்தார். கண்ணெதிரே வைத்தார். கண்ணிலேயே வைத்தார். “அங்கதாம்மா டிவிக்குக் கண்ணு, பொட்டு அத மறைக்குது” என்று மெல்ல ஒப்புக்கொண்டார்.

“அப்ப உன் புருசன் வெச்ச பொட்டுதான் என் சீரியல மறச்சுதா?”

“அவுரு எனக்கு வெச்சப்பவும் கோணையாத்தான் வெச்சாரும்மா” என்றாள் இளமதி.

வக்கீல் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் செல்வனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் புஷ்பவள்ளி சிரிப்பை நிறுத்திக்கொண்டு விரலை ஆட்டினார். “அதெல்லாம் சரி. இன்னிக்கித் தொடைக்க மாட்டேன். வெள்ளிக்கிழம வெச்ச குங்குமத்த அழிக்கிறதாவது.”

“யாரு அழிக்கச் சொன்னா?” என்று எழுந்தார் ஞானசேகரன். கூடத்தின் நடுவில் நின்று தொண்டையைச் செருமினார். “இது டிஸ்மிஸ் இல்லடி, டிரான்ஸ்ஃபர். பொட்டு பதவியில இருக்கு. எடம் மட்டும் மாறுது, அதுவும் கீழ இருந்து மேல. பதவி உயர்வு. யாராவது ஆட்சேபிப்பாங்களா?”

புஷ்பவள்ளி ஒரு கணம் யோசித்தார். பதவி உயர்வு என்றதும் மனம் ஒப்பியது. கட்டைவிரலால் சந்தனத்தை அப்படியே வழித்தெடுத்து, எக்கி, மேல்சட்டத்தின் நடுவில் வைத்தார். புதுக் குங்குமமும் இட்டார். கீழே ஒட்டியிருந்த மிச்சத்தைச் செல்வன் ஈரக் கைக்குட்டையால் எடுக்கப் போனபோது, “தேய்க்காத தம்பி, ஒத்தி எடு” என்றார். செல்வன் ஒற்றி எடுத்தார், பிள்ளையின் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பது போல.

மறுபடி கேமராவில் நிறுத்தினார்கள். அணைத்தார்கள். புஷ்பவள்ளி பொத்தானை அழுத்தினார்.

சீரியல் வந்தது.

அணைத்துத் தள்ளி நின்று அழுத்தினார். வந்தது. இளமதி அழுத்தினாள், வந்தது. கயலின் விரலைப் பிடித்து அழுத்தினார்கள், அதற்கும் வந்தது.

“எப்பிடிங்கம்மா இருக்கு?” என்று செல்வன் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும். வக்கீலும் மனைவியின் வாயைப் பார்த்தார்.

“ஷ்ஷ்! செத்த பேசாம இருங்க. அந்தப் பொண்ணு இப்பதான் உண்மைய சொல்லப் போறா” என்றார் புஷ்பவள்ளி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வக்கீல் செல்வனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். “தீர்ப்பு வந்துட்டுது தம்பி. இதுக்கு மேல அவ வாயில இருந்து எதிர்பாக்காத.”

ஆனாலும் வக்கீல் வக்கீல்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தானே அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். பாண்டிச்சேரிக்காரர் வந்து, டீ குடித்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை போன் வந்தது. “கோண்டூருக்கு வந்து எடத்தப் பாரு.” அதைக் கேட்டுவிட்டுத்தான் செல்வன் சிங்கப்பூருக்கு, நன்றி, வரவில்லை என்று எழுதினார். எழுதி அனுப்பியபின் அதையே இரண்டு தரம் படித்துப் பார்த்ததாக அவரே சொன்னார். “ரெண்டு தரம் இல்ல, நாலு தரம்” என்று இளமதி திருத்தினாள்.

தங்கராசுவுக்கு மகன் செய்யும் வேலை இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. மில்லில் யாராவது கேட்டால், “பெரிய வூட்டு டிவிக்கெல்லாம் எம் புள்ளதான் டாக்டரு. பி.இ. படிச்ச டாக்டரு” என்கிறார்.

கோண்டூர் வேலை நினைத்த வேகத்தில் நடக்கவில்லை. வீடு வாங்கியவர்களில் சிலர், ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் போதும், டிவியைத் தொடாதே என்கிறார்கள். சிலர் எல்லாம் வேண்டும் என்கிறார்கள், பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறார்கள். சிங்கப்பூரில் வாங்கியதைவிட இங்கே கைக்கு வருவது குறைவுதான். செல்வனுக்கு அதில் பெரிய குறை இல்லை. இப்போதெல்லாம் வேலை ஒப்படைக்கும் வீட்டில், பொட்டு வைக்கிற இடத்தை அவரே பென்சிலால் குறித்துக் கொடுத்துவிடுகிறார்.

இன்றைக்குச் செந்தமிழ்செல்வன் சிதம்பரம் கனகசபை நகரில் மனைவியோடும் மகளோடும் இருக்கிறார். காலையில் கடலூர் போகிறார், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.